தொட்டிப் பக்கக் கோல்

ஜூலை 3, வியாழன்

கோச் பைஜு சார் இன்று ஆளுக்கொரு டைரி கொடுத்தார். தூக்கம், சாப்பாடு, எடை, பயிற்சி, மனசு எப்படி இருக்கிறது என்று தினமும் எழுத வேண்டுமாம். மாதக் கடைசியில் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்ப்பாராம். கோச் கோழிக்கோட்டுக்காரர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால் தாராளமாக எழுதலாம்.

முதல் பக்கத்தில் நம்மைப் பற்றி எழுதச் சொன்னார். பெயர் ஷிபின். வயது பத்தொன்பது. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஒரு கடற்கரை. அங்கே பிறக்கிற பிள்ளைக்கு முதலில் ஞானஸ்நானம், அடுத்தது பந்து. விளையாடும் இடம் மிட்ஃபீல்டு. சென்னைக் கிளப்போடு ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். டிசம்பரில் உட்கார்ந்து பேசுவார்கள். பிடித்திருந்தால் மூன்று வருடம் நீட்டிப்பார்கள், பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அதற்கு அப்புறம் எனக்கு அப்பாவின் படகுதான்.

எடை 63. தூக்கம் பரவாயில்லை. சாப்பாடு விடுதிச் சாம்பார், முங்கித் தேடினால் பருப்பு கிடைக்கலாம். மனசு ராஜா மாதிரி இருக்கிறது.

ஜூலை 5, சனி

அறைத்தோழன் டில்லிபாபு. வியாசர்பாடிக்காரன், டிஃபென்டர், இங்கே நான்காவது சீசன். குறட்டை விடுவான். விடுவதில்லை என்று சத்தியமும் செய்வான்.

ஜூலை 8, செவ்வாய்

பயிற்சி முடிந்ததும் கோச் என்னை நிறுத்தி, பந்து என் காலுக்கு வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறான் என்று எனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார். மற்றவர்கள் பந்தை வாங்கிவிட்டுத் தலையைத் தூக்குகிறார்களாம். நான் முன்பே படம் பிடித்து வைத்துவிடுகிறேனாம்.

கணியம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்துத்தான் கடலில் இடம் பிடிப்பார்கள். கோயில் கோபுரத்துக் குருசும் (சிலுவை) அதற்குப் பின்னால் இருக்கிற மலைமுகடும் ஒரே கோட்டில் வந்தால் கீழே பாறை இருக்கிறது, பாறை இருந்தால் மீன் இருக்கிறது. கடல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கரைதான் நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லும்.

நம் மைதானத்தில் ஒரு கோலுக்குப் பின்னால் உருண்டைத் தண்ணீர்த் தொட்டி, மறு கோலுக்குப் பின்னால் செல்போன் டவர். தொட்டிக்கு முன்னால் ஒரு கொடிக்கம்பம். கம்பம் தொட்டியின் நடுவில் விழுந்தால் நான் நட்டநடுவில் நிற்கிறேன் என்று அர்த்தம். அதிலிருந்து மற்ற ஆட்களைக் கணக்குப் போட்டுக்கொள்வேன். பந்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமில்லை.

கோச் சிரித்தார். "இது போகாம பாத்துக்கோ மோனே. காலு போனா திரும்ப வரும், இது போனா வராது" என்றார். எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன தப்பு?

ஜூலை 9, புதன்

இன்று எல்லோருக்கும் மண்டைச் சோதனை. டாக்டர் வசுமதி வந்திருந்தார். சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொருவனுடைய ஞாபகமும் நிதானமும் எப்படி என்று குறித்து வைத்துக்கொள்வார். நடுவில் எவனுக்காவது தலையில் அடிபட்டால் இதே சோதனையை மறுபடி வைப்பார். மதிப்பெண் குறைந்திருந்தால் ஆட்டம் கிடையாது.

ஐந்து சொற்கள் சொல்வார். பிறகு ஒற்றைக் காலில் நிற்க வைப்பார், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். கடைசியில் அந்த ஐந்து சொற்களையும் திரும்பக் கேட்பார். கிளப்பில் இருப்பது ஒரே பட்டியல். கதவு, எலுமிச்சை, ஆறு, மணி, செருப்பு.

காலையிலேயே டில்லி காதில் ஓதியிருந்தான். "இப்பவே மண்டு மாரி பதில் சொல்லிடு மச்சான். அப்பால மண்டைல அடி பட்டாலும் வித்தியாசம் தெரியாது. இங்க எல்லாரும் அப்டித்தான்." இது தெரியாமல் போன சீசனில் ஒரு பையன் ஐந்துக்கு ஐந்து சொல்லிவிட்டானாம். ஒரு சின்ன அடிக்கு நாலு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள். அவன் இடத்துக்கு வந்தவன் நன்றாக ஆடினான். பையன் டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டான்.

நான் மூன்று சொன்னேன். மணியையும் செருப்பையும் விட்டுவிட்டேன். ஒற்றைக் காலில் நிற்கும்போதும் வேண்டுமென்றே கொஞ்சம் ஆடினேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல எப்படித்தான் பாஸ் பண்ணீங்க?" என்று கேட்டார். பந்துதான் பாஸ் பண்ணுவேன் டாக்டர் என்றேன். சிரித்துவிட்டார்.

இனி மறக்கக் கூடாதது ஒன்றுதான். மணி, செருப்பு சொல்லக் கூடாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அப்பாவின் படகு கடலுக்குப் போய்விட்டது. அம்மா போனில் சொன்னாள். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அப்பா ஆழ்கடல் படகில் டிரைவர். சுறாவுக்குப் போகிற படகு.

டில்லி கடலைப் பற்றிக் கதை கேட்டான். சித்தப்பா கதையைச் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகு கிளம்பிவிட்டால் உடம்புக்கு முடியவில்லை என்று எவனும் வாய் திறக்க மாட்டான். ஒருவனுக்காகப் படகு திரும்பினால் பத்துப் பேர் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படி வாய் திறக்கிறவனுக்கு 'கரை தேடுறவன்' என்று பெயர். அந்தப் பெயர் விழுந்தால் அடுத்த படகில் இடம் கிடைக்காது, பெண் கிடைப்பதும் கஷ்டம். சித்தப்பாவுக்கு வயிற்றுவலி வந்தபோது அப்பா, "திருப்பட்டுமா?" என்று கேட்டாராம். சித்தப்பா வேண்டாம் என்றார். மறுநாளும் கேட்டார். மறுநாளும் வேண்டாம். கரைக்கு வரும்போது சித்தப்பாவை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

டில்லி எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "உங்க அப்பா அப்பால எதுனா சொன்னாரா?" என்றான். என்ன சொல்ல? எங்கள் ஆட்கள் அப்படித்தான். அப்பா இதுவரை படகைத் திருப்பியதே இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஆடினேன்! கடைசி இருபது நிமிடம். ஒரு பந்தைத் திரும்பிப் பார்க்காமல் இடது ஓரத்துக்கு அனுப்பினேன். அங்கே ஆள் வருவான் என்று எனக்குத் தெரியும், வந்தான், கோல். அரங்கத்தில் யாரோ என் பெயரைச் சரியாகவே சொல்லிக் கத்தினார்கள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி வைத்தாளாம். ஒன்று போதும் என்றேன், கோல் போட்டது நானில்லையே.

எடை பார்க்கவில்லை. பறந்துகொண்டிருந்தவனை எப்படி நிறுப்பது?

செப்டம்பர் 6, சனி

வெளியூர் ஆட்டம். வென்றோம், இரண்டுக்கு ஒன்று. டில்லி சொன்னான்.

கார்னருக்குத் தாவியபோது அவர்களுடைய டிஃபென்டரின் மண்டையும் என் மண்டையும் மோதிக்கொண்டன. அவனுக்குத்தான் புருவம் கிழிந்து ரத்தம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கடைசிவரை ஆடினேன். நன்றாக ஆடினேன் என்றும் டில்லிதான் சொன்னான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஜன்னலுக்கு மூன்று லுங்கி கட்டியாகிவிட்டது. இந்தச் சென்னை வெயிலுக்கு வெட்கமே கிடையாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

சோதனை. டாக்டர் வசுமதி விடுப்பில் இருந்தார், பிசியோ வைத்தார். போகிற வழி முழுக்க டில்லி கேட்டுக்கொண்டே வந்தான். கதவு, எலுமிச்சை, ஆறு. திரும்பத் திரும்பச் சொல்லி உருப்போட்டேன். மணி, செருப்பு சொல்லக் கூடாது, மணி, செருப்பு சொல்லக் கூடாது. மூன்றும் சொன்னேன். ஒற்றைக் காலில் ஆடினேன். ஜூலையில் ஆடியது போலவே இருந்ததாம். பிசியோ கையெழுத்துப் போட்டார்.

டில்லி முதுகில் தட்டினான். "நான் சொல்லல?"

வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். விடுதிச் சாம்பார்.

செப்டம்பர் 13, சனி

டிரா. முழு நேரமும் ஆடினேன். இரண்டு பந்து நேராக எதிராளி காலுக்கே போயிற்று. மழை பெய்த மைதானம்.

செப்டம்பர் 18, வியாழன்

நல்ல சேதி. இனி ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் தொடக்கத்திலிருந்தே ஆடுவேன் என்று கோச் காலையில் சொன்னார். உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாள். அப்பா கரைக்கு வந்துவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டாராம். வந்த நாளில் என் ஆட்டத்தைப் போனில் பார்த்துவிட்டு, "பெய்யன் நல்லா நிக்கான்" என்று மட்டும் சொன்னாராம். அப்பா வாயிலிருந்து அது வந்தால் பதக்கம்.

டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று டில்லியிடம் கேட்டேன். இது மூணாவது ஸ்பூன் என்றான்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஒரு நல்ல சேதி. கோச் கூப்பிட்டு, இனி எல்லா ஆட்டத்திலும் தொடக்கத்திலிருந்தே நான் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா ஏனோ சந்தோஷப்படவில்லை. "இன்னைக்குக் காலத்தேதானே சொன்ன மக்களே" என்றாள். யாரிடமோ முன்பே கேட்டிருக்க வேண்டும். நம் ஊரில் எந்தச் சேதிதான் தங்குகிறது! சாப்பிட்டாயா, தூங்கினாயா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டாள். எரிச்சலாக வந்தது, வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

எடை 60. தைலம் வாங்க வேண்டும். ஷூ லேஸ் இழுத்துக் கட்ட வேண்டும், அடிக்கடி அவிழ்கிறது. இரண்டு தரம் கட்டியும் அவிழ்கிறது.

செப்டம்பர் 27, சனி

தோல்வி. எழுபதாவது நிமிடம் கோச் என்னை வெளியே எடுத்தார். தண்ணீர் பாட்டிலை உதைத்தேன். அது பெஞ்சில் இருந்த மாற்று கீப்பரின் முகத்தில் பட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்டேன். ஆனால் ஏன் அத்தனை கோபம் வந்தது என்று எனக்கே பயமாக இருந்தது. எனக்குக் கோபமே வராது என்பார்கள் ஊரில்.

கொடிக்கம்பத்தை யாரோ இடம் மாற்றி நட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தொட்டியின் நடுவில் விழவே மாட்டேன் என்கிறது. ஒரு நேரம் இரண்டு கம்பம் இருக்கிற மாதிரிக்கூட இருந்தது. டில்லியிடம் சொன்னேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று கிண்டலடித்தான். அடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்து முடித்த மாதிரி இல்லை.

அக்டோபர் 1, புதன்

பேருந்தில் வந்தேன். நிறுத்தம் மாறி இறங்கிவிட்டேன். அந்தத் தெரு புதிதாக இருந்தது. டில்லியை வரச் சொன்னேன். வந்தவன், அது விடுதிக்கு நேர் பின் தெரு என்றான். நாங்கள் தினமும் இட்லி சாப்பிடுகிற கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேனாம். கடையைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதான்.

அக்டோபர் 4, சனி

டில்லி என்னை டாக்டர் வசுமதியிடம் போகச் சொல்கிறான். ஜூலையில் பொய் சொன்னதையும் சொல்லிவிடு, நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்றும் சொல்லு என்கிறான். அவனுக்கு என்ன, மூன்று வருட ஒப்பந்தம் பத்திரமாக இருக்கிறது. எனக்கு டிசம்பர் வர வேண்டும். டிசம்பர்வரை தாக்குப் பிடித்தால் போதும், பிறகு ஒரு மாதம் தூங்கியே தீர்த்துவிடுவேன்.

"நீ போலன்னா நான் போறேன்" என்றான்.

போனால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றேன். என் வேலையை நீ கெடுத்தால் உனக்கு நல்ல சாவு வராது என்றும் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. டில்லி சாப்பிடாமல் படுத்துவிட்டான். குறட்டையும் விடவில்லை.

நான் கரை தேடுறவன் இல்லை. அவ்வளவுதான்.

அக்டோபர் 11, சனி

இதைப் பொறுமையாக எழுத வேண்டும். எல்லோரும் வேறு மாதிரி பேசுகிறார்கள்.

சொந்த மைதானம், நல்ல கூட்டம். ஒன்றுக்கு ஒன்று. டாஸில் நாங்கள் தொட்டிப் பக்கக் கோலில் அடிக்க வேண்டும் என்று வந்திருந்தது. இன்று என் உடம்பு காற்று மாதிரி இருந்தது. தலைவலிகூட இல்லை. ஒரு பந்து என்னிடம் வந்தது. வருவதற்கு முன்பே படம் பிடித்துவிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் படம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. கொடிக்கம்பம் தொட்டியின் நட்டநடுவில் நின்றது. கணியம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

முன்னால் திறந்த வெளி. எவனும் என்னைத் தடுக்கவில்லை. இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான், டில்லியைப் போலவே இருந்தான். பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு அடி அடித்ததில்லை. காலில் பந்து பட்டதே தெரியவில்லை. மேல் மூலை. கீப்பர் அசையவே இல்லை. வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை விரித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினேன். யாரும் வரவில்லை. கட்டிப் பிடிக்க ஒருத்தன்கூட வரவில்லை. அரங்கம் முழுக்கச் சத்தமே இல்லை. எதிர் அணியில் ஒருவன் மட்டும் சிரித்தான்.

டில்லி வந்தான். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், மெதுவாக, முட்டையைப் பிடிப்பது போல. "ஷிபினு, இது செகண்ட் ஆஃப்டா" என்றான்.

தெரியும் என்றேன்.

"நாம டவர் பக்கம் அடிக்கணும்டா."

தெரியும் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கிளப் செயலாளர் கூப்பிட்டார். கோச்சும் இருந்தார். பெரிய திரையில் அந்தக் கோலை ஓட்டிக் காண்பித்தார்கள். நிறுத்தி, மறுபடி ஓட்டினார்கள். பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் தன் சொந்தக் கோலைப் பார்த்து நிதானமாகப் போகிறான். தலை தூக்கிப் பார்க்கிறான். அடிக்கிறான். பிறகு கையை விரித்துக்கொண்டு ஓடுகிறான். நல்ல அடிதான்.

செயலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தவறிப் போய் விழுகிற சொந்தக் கோல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமாம், இது குறி பார்த்து அடித்ததாம். ஊரெல்லாம் நான் விலை போய்விட்டேன் என்று பேசுகிறதாம். யார் எனக்குக் கொடுத்தது என்று கேட்டார்.

யாரும் கொடுக்கவில்லை என்றேன். அப்படியானால் ஏன் அடித்தாய் என்றார். கோச் என் பக்கம் குனிந்து, தலை சரியில்லையா மோனே என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஆமாம் என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதற்குள் செயலாளரே பதில் சொல்லிவிட்டார். ஜூலையில் என்ன மதிப்பெண்ணோ செப்டம்பரிலும் அதே மதிப்பெண். அதற்கப்புறம் இவன் தலையில் ஒரு அடியும் படவில்லை. தலை நன்றாகத்தான் இருக்கிறது.

நான் போட்ட முடிச்சு என் கழுத்திலேயே விழுந்திருக்கிறது. தலை கெட்டது என்றால் ஆட்டம் போயிற்று. தலை நன்றாக இருக்கிறது என்றால் மானம் போயிற்று.

புதன்கிழமைவரை யோசித்துச் சொல்லச் சொன்னார்கள். விசாரணைக்கு எழுதிவிடுவார்களாம். எழுதினால் இந்தக் கிளப் மட்டுமல்ல, எந்த மைதானமும் எனக்குக் கிடையாது.

அக்டோபர் 13, திங்கள்

டில்லி என்னிடம் சொல்லாமல் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். அப்பா கரைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. உடனே ரயில் ஏறிவிட்டாராம்.

அக்டோபர் 14, செவ்வாய்

அப்பா வந்தார். பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். டில்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அப்பா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஆட்டத்த வித்தியா மக்கா?"

"இல்லப்பா."

"பின்ன?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று நாக்குவரை வந்தது. பத்தொன்பது வருடம் கேட்டு வளர்ந்த பேச்சு அதை உள்ளே தள்ளிவிட்டது. இத்தனைக்கும் அப்பா என்னைத் திட்டவில்லை. எழுந்து வந்து, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்ப்பது போல நெற்றியில் புறங்கையை வைத்தார். சூடு இல்லை. அவருக்குப் புரியவில்லை.

நாளைக்கு டாக்டர் வசுமதி வருகிறார். முன்பு விடுப்பில் இருந்ததால் அவரே ஒரு தரம் சோதிக்க வேண்டும் என்றாராம். கதவு, எலுமிச்சை, ஆறு. சரியாகச் சொல்லிவிட்டால் தலை நன்றாக இருக்கிறது என்று ஆகும். அப்புறம் பணம் வாங்கவில்லை என்பதை எப்படியாவது நிரூபித்துக்கொள்ளலாம். ஆட்டம் மிஞ்சும். மணி, செருப்பு சொல்லக் கூடாது.

அக்டோபர் 15, புதன்

டாக்டர் அறையில் அப்பா மூலையில் நின்றார். டில்லியை வெளியே இருக்கச் சொன்னார்கள், அவன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றான். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஐந்து சொற்களைச் சொன்னார். ஒற்றைக் காலில் நின்றேன். இந்த முறை நான் ஆட முயலவில்லை, விழுந்தே விட்டேன், அப்பா வந்து பிடித்தார். மாதங்களைத் தலைகீழாகச் சொன்னேன். ஆகஸ்டுக்குப் பிறகு எது என்று வரவில்லை, மறுபடி டிசம்பரிலிருந்து தொடங்கினேன். டிசம்பர் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு அந்தச் சொற்களைச் சொல்லுங்கள் என்றார். நான் தயாராகத்தான் இருந்தேன். தெளிவாக, சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுச் செயலாளரைப் பெருமையாகக்கூடப் பார்த்தேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "திரும்பச் சொல்லுங்க ஷிபின்."

"மணி. செருப்பு."

"வேற?"

வேறு ஒன்றும் இல்லை. அந்த இரண்டுதான். தினமும் சொல்லிக்கொண்டிருந்தேனே.

டாக்டர் பழைய தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜூலையில நீங்க விட்டது இந்த ரெண்டையும்தான். மத்த மூணும் சொன்னீங்க. அன்னைக்கு விட்டது மட்டும் இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

கதவுப் பக்கமிருந்து டில்லி, "நான்தான் மேடம் விடச் சொன்னேன்" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். செயலாளர் அவனை என்னமோ கேட்க ஆரம்பித்தார், டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "இந்தப் பையன் ஆட்டத்தை விக்கல சார். எந்தப் பக்கம் ஆடுறோம்னே இவனுக்குத் தெரியல" என்றார்.

விசாரணைக்கு எழுத மாட்டார்கள். ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனார்கள். ஒரு வருடத்துக்குப் பந்தைத் தொடக் கூடாதாம். அதற்கப்புறமும் தலையால் முட்டுகிற ஆட்டம் வேண்டாம் என்றுதான் டாக்டர் சொல்வாராம். அடிபட்ட வாரமே ஓய்வு எடுத்திருந்தால் ஒரு மாதத்தில் திரும்பியிருக்கலாம் என்றார். ஒரு மாதம். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்பா ஒரு கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் கடைசியில். "இவன் வலிக்குன்னு ஒங்கட்ட சொல்லவே இல்லியா டாக்டரே?"

இல்லை என்றார் டாக்டர்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்கே பார்த்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சித்தப்பா படம் மாட்டியிருக்கிற சுவரை அவர் இப்படித்தான் பார்க்காமல் பார்ப்பார்.

அக்டோபர் 16, வியாழன்

கோச் வழியனுப்ப வந்தார். டைரியை என்ன செய்வது என்று கேட்டேன். வைத்துக்கொள், தினமும் எழுது, மூளைக்கு நல்லது என்றார். டில்லி ரயிலில் சன்னலோரம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்காமலேயே நின்றான். அன்றைக்கு அவனுக்குச் சாபம் விட்டதை நினைத்து மன்னிப்புக் கேட்டேன். "எந்தச் சாபம்? எனக்கே ஞாபகம் இல்ல மச்சான்" என்றான். அவனுடைய ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மாத்திரை மூன்று வேளை. தூக்கம் நிறைய. அம்மா ஒரே கேள்வியை நான் நான்கு தரம் கேட்டாலும் முதல் தரம் கேட்டது போலவே பதில் சொல்கிறாள். கடற்கரையில் பிள்ளைகள் பந்து ஆடுகிறார்கள். பந்து என் காலடிக்கு வந்தது. கையால் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா இந்த முறை படகில் போகவில்லை. வேறு ஆளை ஏற்றி அனுப்பிவிட்டார். இன்று பூசை முடிந்ததும், மாமாவின் சின்ன வள்ளத்தில் கொஞ்சம் தூரம் போய்வருவோமா என்று கேட்டார். அலை இல்லாத நாள். கடலைப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று, உடனே ஏறிவிட்டேன். தூண்டிலும் ஐஸ் பெட்டியும் எடுத்துக்கொண்டோம். மாமா தனக்கும் மீன் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இன்ஜின் சத்தம் தலைக்குள் ஆணி அடித்தது. நான் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாறை இருக்கிற இடம் பக்கத்தில் வந்ததும் அப்பா இன்ஜினைக் குறைத்தார். சின்ன வயதில் இந்த இடத்தை நான்தான் முதலில் கண்டுபிடித்துக் கத்துவேன். அப்பா கரையைக் காட்டிக் கேட்டார்.

"கணியம் தெரியுதா மக்கா?"

பார்த்தேன். வெள்ளையாக ஊர் தெரிந்தது. கோயில் தெரிந்தது. குருசு இரண்டாகத் தெரிந்தது, இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலகி மிதந்தன. மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. தெரியுதுப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது சுலபம். அப்பா தூண்டிலைப் போடுவார், கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் மீனோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

"தெரியலப்பா" என்றேன். "ரெண்டு குருசு தெரியுது. தல வலிக்குது. பயமா இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். கையிலிருந்த தூண்டிலைக் கீழே வைத்தார். திருப்பட்டுமா என்று என்னிடம் கேட்கவில்லை. வள்ளத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்து ஓட்டினார்.